நைட் ஷிப்டும் பீரியட் மரபணுவும்

யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பணியாளர்கள் பகலில் வருவதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கத் தொடங்கும் நேரத்தில்தான் வந்து விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் போவார்கள். அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகல் முழுக்க நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். நள்ளிரவை ஒட்டித்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. சீனத்து அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பாட்ரிக் மேன்சன் 1870களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவைத்து இரவில் விழித்திருக்கச் சொன்னார். சில நாளில் புழுக்களும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகல் ரத்தத்தில் தலைகாட்டின. வாரக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்குகிறவரிடம் இரவு 10 மணிக்கு ரத்தம் எடுத்தால் புழு சிக்காமலே போகலாம் என்பது இதன் உபரிப் பாடம்.

புழுவுக்கு நேரம் சொல்வது மனித உடல். அந்த உடலுக்கு நேரம் சொல்வது எது? வெளியே அடிக்கும் வெயிலா, உள்ளேயே ஏதேனும் ஓடுகிறதா? உள்ளே ஓடுகிறதென்றால் அது பிறப்பிலேயே எழுதப்பட்டதா? விடை கிடைக்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாழ்கிறவர்களுக்கு அந்த விடையோடு நேரடி வழக்கு உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையையும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தையும் ராத்திரிக்கு அணைத்துவிட்டுக் காலையில் ஏற்ற முடியாது. துறைமுகத்தில் கப்பல் நின்றால் கிரேனும் நிற்காமல் ஓட வேண்டும். கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நகருமா என்று ஸ்டீயரிங்கில் தலைவைத்துக் காத்திருக்கிறார்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே சூடுபிடித்துவிடும். இந்த வட்டாரத்துக்கு மரபணு ஆய்வு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம்.

தொடக்கம் செடிகளிலிருந்து. அந்தி சாய்ந்ததும் புளிய இலையும் தூங்குமூஞ்சி மரத்து இலையும் மடிவதை நம் ஊரில் எவரும் பார்த்திருப்பார்கள். 1729இல் பிரான்சின் தெ மெரான் ஒரு தொட்டாற்சுருங்கி இனச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் இலைகள் தம் நேரத்துக்கு விரிந்தன, மடிந்தன. ஆனால் அது பரம்பரையாக வருவது என்று காட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் ப்யூனிங். 1930களில் அவர் இரு வகை பீன்ஸ் செடிகளைக் கலந்தார். இருட்டில் ஒன்றின் சுற்று ஏறக்குறைய 23 மணி நேரம், மற்றதன் சுற்று 26. பிறந்த கலப்புச் செடிகளின் சுற்று இடையில் விழுந்தது. மரபணு எதனால் ஆனது என்றே தெரியாத காலத்தில் செய்யப்பட்ட சோதனை இது. உயிர்க்கடிகார ஆய்வுக்குக் கிடைத்த நோபல் பரிசின் கதையைச் சொல்கிறவர்கள் இவரைத் தாண்டி ஓடிவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நம் பக்கத்துக் கதையும் ப்யூனிங்கைத் தொட்டுத்தான் போகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த எம்.கே. சந்திரசேகரன் எடுத்துக்கொண்ட உயிர், அலை வந்து திரும்பும் ஈர மணலில் பின்பக்கமாகப் புதைந்துகொள்ளும் முட்டை வடிவ நண்டு, எமெரிடா ஏசியாட்டிகா. கடற்கரையிலிருந்து எடுத்து ஆய்வகத் தொட்டியில் விட்ட பிறகும் இந்த நண்டுகள் கடலில் நீர் ஏறும் நேரத்தில் சுறுசுறுப்பாயின, வற்றும் நேரத்தில் அடங்கின. அலையும் இல்லை, கரையும் இல்லை. இருந்தும் சுமார் 12.4 மணி நேர ஓதச் சுற்றும் அதோடு ஒரு நாள் சுற்றும் அவற்றின் அசைவிலும் உயிர்வளி எடுக்கும் அளவிலும் தொடர்ந்தன. 1965இல் ஒரு ஜெர்மன் இதழில் இதை வெளியிட்ட சந்திரசேகரன், பிறகு ப்யூனிங் இருந்த ட்யூபிங்கனுக்குப் போய் ஈக்களில் வேலை செய்தார். அந்த நண்டு வாழ மணல் வேண்டும். துறைமுகம் கட்டிய நாளிலிருந்து மெரினாவில் மணல் சேர்ந்தது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே பெரும்பாலும் கருங்கல் தடுப்புதான். அதே சோதனையை வடசென்னைக் கரையில் செய்ய நினைக்கும் மாணவர் முதலில் மணலைத் தேட வேண்டும்.

சந்திரசேகரன் நாடு திரும்பி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தார். மதுரை அருகே குகைகளில் வாழும் பூச்சி தின்னும் வௌவால்களை அவரும் சுப்பராஜ், மாரிமுத்து ஆகியோரும் படித்தார்கள். குகையின் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கூண்டில் வைத்த வௌவால், சுற்றிலும் கூட்டம் இருக்கும்வரை வெளியே பொழுது சாய்வதோடு ஒத்துப்போனது. சகாக்கள் இல்லாதபோது அதன் நேரம் தன்பாட்டுக்கு நகரத் தொடங்கியது. 1978இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்க எடுத்தாளப்பட்டது. சூரியன் தெரியாத உயிரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அதே பல்கலைக்கழகத்தில் சூரிய ஒளியும் கடிகாரமும் புகாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் பார்த்தார்கள்.

எல்லாம் சரி, மரபணு எங்கே? 1971இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் சீமோர் பென்சரின் மாணவர் ரொனால்ட் கொனோப்கா பழ ஈக்களுக்கு வேதிப்பொருளால் திரிபு உண்டாக்கி, அவை கூட்டைவிட்டு வெளிவரும் நேரத்தைக் கண்காணித்தார். மூன்று விநோத வகைகள் கிடைத்தன. ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28. மூன்றாவதற்கு நாளே இல்லை, எப்போது வேண்டுமானாலும் வெளிவந்தது. மூன்று திரிபும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருந்தன. அந்த இடத்துக்கு பீரியட் என்று பெயரிட்டார்கள். ஒரே மரபணுவில் நேரும் எழுத்துப் பிழைகளால் நாளைக் குறுக்கவும் நீட்டவும் அழிக்கவும் முடிகிறது! நடத்தை என்பது இவ்வளவு நேராக மரபணுவோடு கட்டப்பட்டிருக்கும் என்று அன்று பலரும் நம்பத் தயாராக இல்லை.

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ் குழுவும், ராக்கஃபெல்லரில் மைக்கேல் யங் குழுவும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தன. 1990இல் பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் ஆகியோர் அது எப்படி ஓடுகிறது என்ற குறிப்பைக் கண்டார்கள். 1994இல் யங் ஆய்வகத்திலிருந்து டைம்லெஸ் என்ற இன்னொரு கடிகார மரபணு வந்தது. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் இந்தியாவில் பிறந்த அமிதா சேகல். ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. கொனோப்காவும் பென்சரும் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இயங்கும் விதத்தை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தோடு ஒப்பிடலாம். நீர் ஏற ஏறப் பந்து எழும்பிக் குழாயை அடைத்துவிடும், நீர் வடிந்ததும் இறங்கிக் குழாயைத் திறந்துவிடும். செல்லுக்குள் க்ளாக், சைக்கிள் என்ற இரு புரதங்கள் பீரியட் மரபணுவை முடுக்குகின்றன. உருவாகும் பீரியட் புரதம் டைம்லெஸ் புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கியவர்களையே தடுக்கிறது. பிறகு அது சிதைகிறது, தடை நீங்குகிறது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்று சில மணி நேரத்தில் முடியாமல் ஒரு நாள் இழுப்பதற்குக் காரணம், புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அது எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்று தீர்மானிக்கும் கேசின் கைனேஸ் வகை நொதிகள். மனிதரிலும் இதே ஏற்பாடுதான். சைக்கிள் இருந்த இடத்தில் பிமால்1, டைம்லெஸ் செய்த வேலைக்கு க்ரிப்டோக்ரோம். சூடு ஏறினால் வேதிவினைகள் வேகமெடுக்கும். இந்தக் கடிகாரம் மட்டும் மே மாத வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். அப்படி ஓடாவிட்டால் ஈக்கும் செடிக்கும் அது பயன்படாது.

இந்தக் கடிகாரம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு என்னிடம் கேட்டால் பெங்களூரைத்தான் காட்டுவேன். அங்குள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்துக்குச் சந்திரசேகரன் மாறிய பிறகு, வாசு ஷீபா, விஜய் குமார் சர்மா, அமிதாப் ஜோஷி ஆகியோரோடு சேர்ந்து 1999இல் ஒரு முடிவை வெளியிட்டார். 600 தலைமுறைகளுக்கு மேல் இரவே தெரியாமல் தொடர் வெளிச்சத்தில் வளர்க்கப்பட்ட ஈக்களை இருட்டுக்குக் கொண்டுபோனால், கூட்டைவிட்டு வெளிவரும் ஒழுங்கு அப்படியே இருந்தது. மனிதக் கணக்கில் 600 தலைமுறை என்பது வேளாண்மை தொடங்கிய காலத்துக்கும் முன்னே போகும். பயன்படுத்தாத கடிகாரம்கூட மரபணுவிலிருந்து கழன்று விழவில்லை. அதே ஆய்வகத்தில் சர்மா குழு அதிகாலையில் வெளிவரும் ஈக்களை ஒரு பக்கமும் மாலையில் வெளிவருபவற்றை இன்னொரு பக்கமும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தது. அதிகாலை ஈக்களின் உள்நாள், அதாவது உள்கடிகாரம் ஒருமுறை சுற்ற எடுக்கும் நேரம், குறுகியது, மாலை ஈக்களின் உள்நாள் நீண்டது. நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் கடிகாரத்தின் வேகமே மாறுகிறது. ஆனால் அதற்குத் தலைமுறைகள் பல ஆகும். ஒரு தொழிலாளியின் பணிக்காலத்தில் நடக்கிற காரியமில்லை.

எல்லா உயிரும் ஒரே மரபணுவால் நேரம் பார்ப்பதில்லை. செடிகளுக்கு வேறு தொகுதி, பூஞ்சைக்கு வேறு. நீலப்பச்சைப் பாசியில் கை ஏ, கை பி, கை சி என்ற மூன்று புரதங்களே போதும். 2005இல் ஜப்பானின் தகாவோ கொண்டோ குழு அவற்றைச் சோதனைக் குழாயில் ஆற்றல் தரும் மூலக்கூறோடு கலந்தபோது, செல்லே இல்லாமல் 24 மணி நேரச் சுற்று ஓடியது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயலுக்குப் போனால் பழைய சம்பா நெல் பகல் குறுகும்போதுதான் பூக்கும். சென்னையின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதைக்கூட அளந்துவிடுகிறது அதன் உள்கடிகாரம்.

சந்திரசேகரன் பார்த்த மணல் நண்டின் ஓதக் கடிகாரம் நெடுநாள் புதிராகவே இருந்தது. 2013இல் பிரிட்டனில் யூரிடைசி என்ற சிறிய கடல் உயிரில் பீரியட் மரபணுவை அடக்கினார்கள். நாள் சுற்று கலைந்தது, ஓதச் சுற்று அசையவில்லை. அப்படியானால் இரண்டும் முழுக்க வேறு கடிகாரமா? 2023இல் வேறு சோதனைகள், பிமால்1 இல்லாவிட்டால் ஓதச் சுற்றும் குலைந்துபோகிறது என்று காட்டின. இரண்டும் சில பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதுதான் இன்றைய நிலை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்து இறாலுக்கும் நண்டுக்கும் இறங்குகிறவர்கள் இந்த உயிர்களின் நேரத்தைத் தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள். அவற்றின் மரபணுவைப் படித்தால் அறிவியலுக்குத்தான் லாபம்.

சென்னையின் இன்னொரு பழைய விருந்தாளி மலேரியா. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல், விவாக்ஸ் ஒட்டுண்ணிகள் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருசேர ரத்த அணுக்களை உடைத்து வெளிவருவதால் வருவது. அந்த ஒழுங்கை நோயாளியின் உடல் தருகிறதா, ஒட்டுண்ணியே வைத்திருக்கிறதா? 2020இல் ஒரே நேரத்தில் வெளியான இரு ஆய்வுகள், மலேரியா ஒட்டுண்ணிக்குச் சொந்தக் கடிகாரம் உண்டு, நோயாளியின் உடல் நேரத்தோடு அதைப் பொருத்திக்கொள்கிறது என்று காட்டின. விலங்குகளில் நமக்குத் தெரிந்த கடிகார மரபணுக்கள் எதுவும் அதனிடம் இல்லை. அந்தக் கடிகாரத்தின் பற்சக்கரங்கள் எவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மனிதர். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணின் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அணுக்கள், உருவத்தைப் பார்ப்பதற்காக இல்லாமல் வெளிச்சம் எவ்வளவு என்று அதற்குச் சொல்வதற்காகவே இருக்கின்றன. நீல ஒளிக்கு அவை மிகக் கூர்மை. 1999இல் ஹார்வர்டின் சார்லஸ் சைஸ்லர் குழு கணக்கிட்டபடி மனிதரின் உள்நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தைத் தினமும் காலை வெளிச்சம் சரிசெய்கிறது. மிகையாகிற அந்தச் சிறு துண்டு, ஷிப்ட் பேச்சில் பெரிதாகிவிடும்.

மனிதருக்கு மனிதர் கடிகாரம் வேறுபடுவதற்கும் மரபணுச் சான்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறையாகப் பலர் மாலை 7:30 வாக்கில் தூங்கி விடியுமுன் 4:30க்கு எழுந்துவிடுவார்கள். 2001இல் அவர்களுடைய பெர்2 மரபணுவில் (பீரியட் மரபணுவின் ஒரு மனித வடிவம்) ஒரே அமினோ அமிலம் மாறியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2017இல் யங் ஆய்வகம் க்ரிப்டோக்ரோம்1 மரபணுவில் ஒரு மாற்றம் சிலரைப் பின்னிரவு வரை தூங்கவிடாமல் வைப்பதைக் காட்டியது. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, மனிதவளத் துறைக்காரர் எவராவது ஒருநாள், மரபணுச் சோதனை வைத்து நைட் ஷிப்டுக்கு ஏற்றவர்களைப் பொறுக்கிவிடலாமே என்று கேட்கக்கூடும். கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கும்.

அதற்குப் பதில் 2019இல் வந்த மிகப் பெரிய ஆய்வில் இருக்கிறது. ஏறக்குறைய 7 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, காலையில் எழுபவரா, இரவில் விழிப்பவரா என்பதோடு தொடர்புள்ள 351 இடங்களைக் கண்டார்கள். அதிகாலை வகை மாற்றங்களை மிகுதியாகச் சுமக்கும் 5 சதவீதத்தினருக்கும், மிகக் குறைவாகச் சுமக்கும் 5 சதவீதத்தினருக்கும் தூங்கும் நேரத்தில் எவ்வளவு வித்தியாசம்? சராசரியாக 25 நிமிடம். நைட் ஷிப்ட் ஒருவரின் நாளை எட்டு மணி நேரம் புரட்டிப் போடுகிறது. 25 நிமிடத்தை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்துக்கு ஆள் பொறுக்க முடியாது. அந்த 7 லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டைத் தொழிலாளியின் மரபணு அதில் இல்லை. கடிகாரத்தை எல்லோருக்கும் கட்டித் தருவதில் மரபணுவின் பங்கு மிகப் பெரிது. சாதாரண மக்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரிப்பதில் அதன் பங்கு, அரிய குடும்பங்களை விட்டுவிட்டால், சிறிது. இந்த இரண்டையும் குழப்புவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. ‘உனக்கு நைட் ஒத்துக்கொள்ளவில்லையா, உன் உடம்பு அப்படி’ என்று சொல்லிவிட்டு ஷிப்ட் அட்டவணையைத் தொடாமலே விட்டுவிடலாம் அல்லவா.

அட்டவணை என்ன செய்கிறது என்று பாருங்கள். காலை 6 மணிக்கு ஆலைக் கதவைத் தாண்டி வெளியே வருகிறவரின் கண்ணில் விழும் முதல் வெயில், மூளை முடிச்சிடம் இது காலை என்று அடித்துச் சொல்கிறது. தூக்கம் பிடிக்க உடல் வெப்பம் இறங்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த ஒற்றை அறையில் நண்பகல் வெப்பத்தில் அது எப்படி இறங்கும்? குழந்தைகளையும் குடித்தண்ணீர் லாரியின் ஆரவாரத்தையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஐந்தாறு நாள் இப்படிப் போய்க் கடிகாரம் கொஞ்சம் திரும்பத் தொடங்கும்போது ஷிப்ட் மாறிவிடும். காசிமேட்டில் பின்னிரவு இரண்டு மணிக்குப் படகு இறக்குகிறவருக்கும் இவருக்கும் வேறுபாடு இங்கேதான். அவர் ஒரே நேரத்துக்கு எழுகிறார், இருட்டியதும் படுக்கிறார், கடலில் விடியல் வெளிச்சத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறார். அவருடைய கடிகாரத்துக்கு ஒரே செய்திதான் வருகிறது.

உடலின் மற்ற உறுப்புகளுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. ஈரலின் கடிகாரம் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் பார்க்கும். எலிகளுக்குத் தூங்கும் வேளையில் மட்டும் இரை கொடுத்தபோது ஈரல் நேரம் மாறியது, மூளை மாறவில்லை. பின்னிரவு கேன்டீனில் சாப்பிடும் பரோட்டா உடலுக்குள் இரண்டு நேரத்தை உண்டாக்குகிறது என்று சொல்லலாம். 2021இல் அமெரிக்காவில் 19 பேரை வைத்து ஆய்வகத்தில் நைட் ஷிப்டை நடத்திப் பார்த்தார்கள். இரவில் உண்டவர்களின் ரத்தச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் நீரிழிவு மலிந்த தமிழ்நாட்டில், மரபணுச் சோதனையைவிட கேன்டீன் நேரத்தை மாற்றிப் பார்ப்பது மலிவு. புற்றுநோய் பற்றிய பேச்சில் நிதானம் வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியை 2007இலும் மறுபடி 2019இலும் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் வைத்தது. ஆதாரம் உண்டு, ஆனால் முடிந்த தீர்ப்பு வரவில்லை என்பதே அதன் பொருள்.

அந்த 11 நிமிடத்துக்கு வருவோம். உள்நாள் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் நம் உடலுக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் என்ற வரிசையில் சுற்றினால் கடிகாரம் தன் இயல்பான திசையில் போகும். நைட்டிலிருந்து செகண்டுக்கும் அங்கிருந்து ஃபர்ஸ்டுக்கும் தலைகீழாகச் சுற்றினால் அதை எதிர்த்துப் பிடித்து இழுக்கிறோம். 1982இல் சைஸ்லரும் வேறு இருவரும் யூட்டாவின் ஒரு தாது ஆலையில் இதைச் சோதித்தார்கள். வாரந்தோறும் தலைகீழாகச் சுழன்ற ஷிப்டை முன்னோக்கித் திருப்பி 21 நாளுக்கு ஒருமுறை மாறும்படி செய்தபோது தொழிலாளர்களின் திருப்தி கூடியது, வேலையை விட்டுப் போவது குறைந்தது, உற்பத்தியும் ஏறியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. திசை பற்றி அவ்வளவு சண்டை இல்லை.

நம் சட்டங்கள் மணி நேரத்தை எண்ணுவதில்தான் கவனம் வைத்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு போட்டது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டைப் பற்றி அதன் 57ஆம் பிரிவு பேசியதெல்லாம் விடுமுறை நாளை எங்கிருந்து எண்ணுவது என்ற அளவில்தான். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்ட 12 மணி நேர வேலைத் திருத்தத்தின்போதும் விவாதம் பெரும்பாலும் எத்தனை மணி என்பதிலேயே நின்றது. எந்த மணி என்பதும் அதே அளவு முக்கியம்.

பெரம்பூரில் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய மண் இது. இங்குள்ள சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் படிக்கும் பக்கத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம்: ஷிப்ட் முன்னோக்கியே சுழல வேண்டும்; நைட்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையில் இரண்டு நாள் இடைவெளி வேண்டும்; மரபணுவைக் காட்டி எவரையும் எந்த ஷிப்டிலும் போடவோ நீக்கவோ கூடாது. முதல் வரிக்கு நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை, அதிலிருந்தே பேசத் தொடங்குங்கள்.